ஐஈஎல்டிஎஸ் ரீடிங்: கடைசி ரெண்டு விடையில நிண்டு குழம்புற தங்கச்சிக்கு

முள்ளியவளையில இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறா. ஏஎல் முடிஞ்சுது, வெளியில போறதுக்கு எடுக்கிற ஐஈஎல்டிஎஸ் எண்ட இங்கிலிஷ் சோதினை எடுக்கப்போறா, ரீடிங்கில எம்சிகியூ வந்தா நாலு விடையில ரெண்டைக் கெதியா வெட்டிப்போடுவாவாம், மிச்ச ரெண்டில நிண்டு குழம்பிக் குழம்பிக் கடைசியில பிழையானதுக்குத்தான் புள்ளடி போடுறாவாம். நேரமும் காணாதாம். மொடல் பேப்பர் கட்டுக்கட்டாச் செய்தும் மாக்ஸ் ஏறேல்லையாம். இதுக்கு வவுனியாவுக்கு ரியூசன் போகவேணுமோ எண்டும் கேட்டிருக்கிறா.

நான் கிளிநொச்சியில கன வருசமாப் பிள்ளையளுக்கு இங்கிலிஷ் படிப்பிக்கிறன். ஓஎல் பிள்ளையளும் வருவினம், வெளியில படிக்கப் போறதுக்குச் சோதினை எடுக்கிறவையும் வருவினம், ரெண்டு பகுதியும் கிரகித்தல் கேள்வியில விடுற பிழை கிட்டத்தட்ட ஒண்டுதான், அதால இதை ஆறுதலா எழுதுறன், ஓஎல் பிள்ளையளும் வாசிக்கலாம்.

முதல்ல ஒண்டைச் சொல்லிப்போடுறன். ரெண்டு விடை வரைக்கும் வந்து நிக்கிறியள் எண்டா உங்கட இங்கிலிஷில பெரிய குறை இல்லை. அந்த ரெண்டாவது விடை உங்களைப் போல ஓரளவு இங்கிலிஷ் விளங்கிற ஆளுக்கெண்டே எழுதப்பட்டது. பேப்பர் எழுதுறவை சரியான விடையை எழுதேக்க பந்தியில இருக்கிற சொல்லுகளை முடிஞ்சளவு தவிர்ப்பினம், அதே கருத்தை வேற சொல்லில சொல்லுவினம். பிழையான விடைக்குத்தான் பந்தியில இருந்து சொல்லுகளை அள்ளிப் போடுவினம். நாங்கள் என்ன செய்யிறம்? விடையில ஒரு சொல்லைக் கண்டவுடன பந்தியில அந்தச் சொல்லைத் தேடுறம், ஆ இஞ்ச கிடக்கு எண்டு புள்ளடியைப் போட்டிட்டு அடுத்ததுக்குப் போறம்.

ஒரு உதாரணம் பாப்பம். வேணுமெண்டுதான் தமிழில தாறன், மொழி விளங்காமல் விடுற பிழை வேற, விளங்கியும் விடுற பிழை வேற, ரெண்டாவதைத்தான் இப்ப பாக்கவேணும்.

பந்தி இது: "கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளத்தைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கி 1920இல் நிறைவடைந்தது. குளத்து நீரை நம்பிக் கிளிநொச்சியைச் சுற்றிக் குடியிருப்புகளும் வயல்களும் பெருகின. ஆயினும் மழை பொய்த்த ஆண்டுகளில் சிறுபோகத்துக்கு எல்லா வயல்களுக்கும் நீர் போதாது. ஆகவே அந்தப் போகத்தில் எத்தனை ஏக்கர் விதைப்பது என்பதைக் குளத்தில் இருக்கும் நீரைப் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் கூட்டம் கூடித் தீர்மானிக்கிறார்கள்."

கேள்வி: பந்தியின்படி சரியானது எது?

அ. இரணைமடு வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம்.
ஆ. குளம் கட்டியபின் எல்லா வயல்களுக்கும் இரு போகமும் நீர் கிடைத்தது.
இ. சிறுபோகத்தில் விதைக்கும் பரப்பு ஆண்டுக்கு ஆண்டு வேறுபடலாம்.
ஈ. மழை பொய்த்ததால் 1902இல் குளம் கட்டத் தொடங்கினார்கள்.

அ-வைப் பாருங்கோ. எங்கட ஊர்ப் பிள்ளையைக் கேட்டா நித்திரையிலயும் இதைச் சொல்லும். ஆனா பந்தியில எங்க இருக்கு? ஒரு வரியும் இல்லை. உங்களுக்குத் தெரிஞ்ச விசயம் பந்தியில வந்தா சந்தோசப்படாதைங்கோ, அங்கதான் கூடக் கவனம் வேணும், ஏன் எண்டா பந்தியை விட்டிட்டு மண்டைக்குள்ள இருக்கிறதை வாசிக்கத் தொடங்கிடுவம். பனிமலை, ரோமாபுரி ரோட்டு, திமிங்கிலம் எண்டு கேள்விப்படாத விசயம் வந்தாப் பிள்ளையள் பயப்பிடுகினம், என்னைக் கேட்டா உதுகள்தான் சுகம், சொந்த அறிவு குறுக்க வராது.

ஆ-வில "எல்லா வயல்களுக்கும்" எண்டு பந்தியில இருக்கிற அதே சொல்லு. பந்தி சொல்றது போதாது எண்டு, விடை சொல்றது கிடைச்சுது எண்டு. ஓடி ஓடி வாசிக்கிற ஆளுக்கு "எல்லா வயல்களுக்கும்", "போகம்", "நீர்" மூண்டும் கண்ணில பட்டாக் காணும், ஆள் விழுந்திடும்.

ஈ-தான் பொல்லாதது. மழை பொய்த்ததும் பந்தியில இருக்கு, 1902உம் இருக்கு, குளம் கட்டத் தொடங்கினதும் இருக்கு. துண்டு துண்டாப் பாத்தா ஒண்டும் பொய் இல்லை. அதுகளை இணைக்கிற "ஆல்" மட்டும் பேப்பர் எழுதினவர் தன்ர கையால வைச்சது. இதனால இது நடந்தது எண்டு பந்தியில எங்கயும் இல்லை. ஐஈஎல்டிஎஸ் எண்டாலும் ஓஎல் எண்டாலும் ரெண்டு விடையில நிக்கிற ஆள் கனக்க விழுறது இந்த மாதிரி விடையிலதான், அதால விடையில "பிகோஸ்", "லெட் டு", "இன் ஓடர் டு" மாதிரி ஏதும் கண்டா அந்தக் காரணத்தைப் பந்தியில விரலால தொட்டுக் காட்ட ஏலுமோ எண்டு பாருங்கோ.

சரியான விடை இ. அதில இருக்கிற "பரப்பு", "வேறுபடலாம்" ரெண்டும் பந்தியிலயே இல்லை. ஒவ்வொரு வருசமும் தண்ணியைப் பாத்து எத்தனை ஏக்கர் எண்டு முடிவெடுக்கினம் எண்டா ஏக்கர் மாறலாம் எண்டுதானே அர்த்தம். "லாம்" எண்டு மெல்லமாச் சொல்லியிருக்கிறதையும் கவனியுங்கோ. இங்கிலிஷில "மே", "கேன்", "சம்", "ஒஃபன்" எண்டு வாற விடையளுக்குச் சாட்சி காட்டுறது சுகம், "ஓல்", "ஆல்வேஸ்", "நெவர்", "ஒன்லி" எண்டு வாறதுக்குக் கஷ்டம். ஆனா இதை மந்திரமாக்க வேண்டாம். சில ரியூசனில "ஒன்லி கண்டா வெட்டு" எண்டு படிப்பிக்கினம், பந்தியே "ஒன்லி" எண்டு சொல்லியிருந்தா அதுதானே சரியான விடை.

இதே பந்தியை வைச்சு ட்ரூ, ஃபோல்ஸ், நொட் கிவன் (சரி, பிழை, பந்தியில சொல்லேல்லை) எண்டு போடுற கேள்வியையும் பாத்திடுவம், உங்கட ரெஸ்ட்டில அதுவும் வரும். "குளத்து வேலை 1910இல் முடிந்தது" எண்டாப் பந்தி அதை மறுக்குது, ஃபோல்ஸ். "காலபோகத்துக்கு எப்போதும் நீர் போதும்" எண்டா? (காலபோகம் எண்டது மாரியில செய்யிற பெரும்போகம்.) கனபேர் ட்ரூ எண்டு போடுவினம், சிறுபோகத்துக்குத்தானே காணாது எண்டு சொல்லியிருக்கு, அப்ப காலபோகத்துக்குக் காணும்தானே எண்டு. பந்தி காலபோகத்தைப் பற்றி வாயே திறக்கேல்லை. நொட் கிவன். பந்தி எதிர்த்துக் கதைச்சா ஃபோல்ஸ், பேசாமல் இருந்தா நொட் கிவன், அவ்வளவுதான்.

இனி இங்கிலிஷால வாற பிழை. எங்கட பிள்ளையளுக்குச் சொல்லுத் தெரியாததை விட நீண்ட வசனத்தில ஆர் என்ன செய்தது எண்டு பிடிபடாததுதான் கூடப் பிரச்சினை எண்டு நான் சொல்லுவன். தமிழில பெயருக்கு முன்னுக்கே எல்லாத்தையும் சொல்லிப்போடுவம், "ட்ரைவருக்கு ட்ரக்டரை வித்த கமக்காரன்" எண்டு, கமக்காரனுக்குப் பிறகு நேர வினைச்சொல்லுக்குப் போகலாம். இங்கிலிஷில கமக்காரன் முதல் வந்திடுவான், அவனைப் பற்றின கதை எல்லாம் பிறகு வரும், அதுக்குப் பிறகுதான் வினைச்சொல்லு. "த ஃபாமர் ஹூ சோல்ட் த ட்ரக்டர் டு த ட்ரைவர் வொஸ் ஆங்ரி." கோவப்பட்டது ஆர்? வகுப்பில கேட்டா அரைவாசிப் பேர் ட்ரைவர் எண்டுதான் சொல்லுவினம், "வொஸ் ஆங்ரி"க்குப் பக்கத்தில நிக்கிறது ட்ரைவர்தானே. கோவம் கமக்காரனுக்கு. பேப்பர் எழுதுறவைக்கும் இது வடிவாத் தெரியும், ட்ரைவருக்குக் கோவம் எண்டு ஒரு விடை கட்டாயம் வைப்பினம்.

அதால நீண்ட வசனம் வந்தா முதல்ல பிரதான வினைச்சொல்லைத் தேடி அடியில ஒரு கோடு போடுங்கோ, பேந்து அது ஆருக்குரியது எண்டு பாருங்கோ, நடுவில "ஹூ", "விச்", "தற்" எண்டு வாற துண்டுகளை பென்சிலால அடைப்புக்குள்ள போட்டு ஒதுக்குங்கோ. கொஞ்ச நாளைக்கு அலுப்பா இருக்கும், பிறகு கண் தானாச் செய்யும். அதோட "அன்லெஸ்", "ஹாட்லி", "டிஸ்பைட்", "ரதர் தான்" மாதிரிச் சின்னச் சொல்லுகள். "நொட்" எண்ட சொல்லே இல்லாமல் வசனத்தின்ர அர்த்தத்தை மறுபக்கம் திருப்பிப்போடுற ஆக்கள் இவை, பத்துப் பதினைஞ்சுதான் இருக்கும், ஒரு கிழமையில படிக்கலாம். பெரிய பெரிய சொல்லா ஆயிரம் பாடமாக்கிறதை விட இது லாபம்.

சொல்லின்ர அர்த்தம் கேக்கிற கேள்வி ஓஎல்லிலதான் கூடுதலா வரும். அதில உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச அர்த்தத்தை நம்பாமல் நாலு விடையையும் ஒவ்வொண்டா அந்த வசனத்துக்குள்ள வைச்சு வாசியுங்கோ. "பிளாண்ட்" எண்டா மரஞ்செடி எண்டு எல்லாருக்கும் தெரியும், பந்தியில அது சீமெந்துத் தொழிற்சாலையா இருக்கும், மரஞ்செடியும் ஒரு விடையா நிக்கும். "நொட்", "எக்ஸெப்ட்" எண்டு பெரிய எழுத்தில வாற கேள்வியில மூண்டு விடை பந்தியில இருக்கும், அதுகளைத் தேடி வெட்டுங்கோ, மிஞ்சினதுதான் விடை.

எப்பிடிச் செய்யிறது எண்டு கேட்டா என்ர முறை இது. பந்தி முழுக்க ஒருக்கா வேகமா ஓட்டம், ஒவ்வொரு பராவின்ர முதல் வரியையும் கொஞ்சம் நிண்டு வாசியுங்கோ, ரெண்டு மூண்டு நிமிசம் காணும், எது எங்க கிடக்கு எண்டு தெரிஞ்சாச் சரி. பிறகு கேள்வியை மட்டும் வாசியுங்கோ. விடைகளைக் கையால மூடுங்கோ. உண்மையாத்தான் சொல்றன், உள்ளங்கையால மூடிக்கொண்டு பந்தியில அந்த இடத்துக்குப் போய் வாசிச்சு உங்கட விடையை மனசுக்குள்ள தமிழிலயாவது சொல்லிப்போட்டுப் பிறகு கையை எடுங்கோ. விடைகளை முதல் வாசிச்சா நாலு விடையில இருக்கிற மூண்டு பொய்யையும் மண்டைக்குள்ள ஏத்திக்கொண்டு பந்திக்குப் போறியள், பிறகு பந்தியும் அப்பிடித்தான் தெரியும். ஐஈஎல்டிஎஸ்ஸில எம்சிகியூ கேள்விகள் பந்தியின்ர ஒழுங்கிலதான் வரும், 3ஆம் கேள்வியின்ர விடை 2ஆம் கேள்வியின்ர விடைக்குப் பிறகுதான் இருக்கும், அதால முதல்ல இருந்து தேடத் தேவையில்லை. பராவுக்கு ஹெடிங் (தலைப்பு) பொருத்திற கேள்விக்கு இந்த ஒழுங்கு இல்லை, அதைக் குழப்பிக்கொள்ளாதைங்கோ. நாலில ஒண்டு மட்டும் இல்லை, அஞ்சில ரெண்டு தெரிவு செய் எண்டும் வரும், கேள்வியின்ர முதல் வரியை வாசிக்காமல் ஒண்டை மட்டும் போட்டிட்டு வந்த பிள்ளையளும் இருக்கினம்.

நேரம் எண்டா 60 நிமிசம், 3 பசேஜ், 40 கேள்வி. அக்கடமிக்கில (படிக்கப் போறவை எடுக்கிற வகை) மூண்டும் சேத்து 2150இல இருந்து 2750 சொல்லு வரைக்கும் வரும். 20, 20, 20 எண்டு பிரிக்கச் சொல்லுவினம், ஆனா போகப்போகப் பசேஜ் கடினமாகும், அதால முதலாவதை 17 நிமிசத்தில முடிச்சுக் கடைசிக்கு 23 வைச்சிருக்கிறதுதான் எனக்குப் பிடிச்சது. பேப்பரில எழுதுற ரெஸ்ட்டில லிஸினிங்குக்கு விடையை மாத்தி எழுத 10 நிமிசம் மேலதிகமாத் தருவினம், ரீடிங்குக்கு அது இல்லை, விடைத்தாளில நேர எழுதிக்கொண்டே போகவேணும். மைனஸ் மாக்ஸ் இல்லை, ஒண்டையும் வெறுமையா விடாதைங்கோ. வேற சோதினை எண்டா மைனஸ் இருக்கோ எண்டு முதல் பக்கத்து அறிவுறுத்தலைப் பாத்திட்டு முடிவெடுங்கோ.

இன்னொரு கணக்கும் தெரிஞ்சிருக்கவேணும். அக்கடமிக்கில 40க்கு 23 அளவில எடுத்தா பாண்ட் (ஐஈஎல்டிஎஸ் தாற தரம்) 6, 30 அளவில எடுத்தா 7. ஜெனரல் ட்ரெயினிங் (வேலைக்கோ குடியேறவோ போறவை எடுக்கிற வகை) எண்டாப் பசேஜ் கொஞ்சம் சுகம், அதால 6க்கே 30 அளவில வேணும். பத்துக் கேள்வி பிழைச்சாலும் அக்கடமிக்கில 7 வரலாம் எண்டதை யோசிச்சுப் பாருங்கோ, ஒரு கேள்வியோட அஞ்சு நிமிசம் மல்லுக்கட்டிறது எவ்வளவு நட்டம் எண்டு விளங்கும். ஒண்டரை நிமிசம் தாண்டினா ஏதோ ஒண்டைப் போட்டுப் பக்கத்தில ஒரு அடையாளம் வைச்சிட்டு நடவுங்கோ.

இப்ப உங்கட கட்டுக்கட்டான மொடல் பேப்பர் கதைக்கு வாறன். பேப்பர் செய்யிறது, விடையைப் பாத்து மாக்ஸ் போடுறது, அடுத்த பேப்பரை எடுக்கிறது. இப்பிடிச் செய்தா பேப்பர்தான் முடியும். எங்கட பக்கத்தில இது ஒரு வருத்தம், எத்தனை பாஸ் பேப்பர் செய்தனீ எண்டு கேப்பினம், பிழைச்ச கேள்வியை என்ன செய்தனீ எண்டு ஒருத்தரும் கேக்கமாட்டினம்.

ஒரு சீஆர் கொப்பி வாங்குங்கோ. பிழைச்ச ஒவ்வொரு கேள்விக்கும் நாலு விசயம் எழுதுங்கோ: நான் போட்ட விடை, ஏன் அதைப் போட்டனான், சரியான விடை, அதுக்குப் பந்தியில எந்த வரி சாட்சி. ரெண்டாவதுதான் முக்கியம், "கவனயீனம்" எண்டு எழுதினாப் பிரயோசனம் இல்லை. "அதே சொல்லு பந்தியில இருந்தது", "காரணத்தை நானே சேத்திட்டன்", "வசனத்தின்ர எழுவாய் பிடிபடேல்லை", "சொந்த அறிவால போட்டனான்" எண்டு நேராச் சொல்லவேணும். குருட்டுவாக்கில சரி வந்ததையும் எழுதுங்கோ, அதுவும் பிழைதான். கொஞ்சம் சேந்தவுடன உங்கட பிழையில பெரும்பகுதி ரெண்டு மூண்டு வகைக்குள்ளதான் நிக்குது எண்டு தெரியவரும், ஒவ்வொருத்தருக்கும் அது வேற வேற. இந்த வேலைக்கு ஒரு பசேஜுக்கு ஒரு மணித்தியாலம் போகும், போகட்டும். முதல் மாசம் மணிக்கூட்டைப் பாக்கவே வேண்டாம், ஒவ்வொரு விடைக்கும் வரியைக் காட்ட ஏலுமோ எண்டு மட்டும் பாருங்கோ, பிழையான மூண்டும் ஏன் பிழை எண்டும் சொல்லத் தெரியவேணும். வேகம் அதுக்குப் பிறகு.

இன்னொரு பயிற்சி, சிநேகிதி ஒருத்தியைப் பிடிச்சுச் செய்யுங்கோ. ஆளுக்கொரு நியூஸ் எடுத்து, டெய்லி மிரர், சண்டே டைம்ஸ் எண்டு எதில இருந்தெண்டாலும் சரி, நீங்களே நாலு விடையோட கேள்வி எழுதி வட்ஸ்அப்பில மாறிமாறி அனுப்புங்கோ. மற்றவள் விழுற மாதிரி ஒரு பிழையான விடை எழுதிப் பாத்தாத்தான் பேப்பர் எழுதுறவையின்ர கள்ள மூளை விளங்கும். என்னட்ட வாற பிள்ளையளில இதைச் செய்யிறவைக்கு வித்தியாசம் கெதியாத் தெரியுது.

பேப்பருக்கு எங்க போறது எண்டா, ஐஈஎல்டிஎஸ்ஸின்ர சொந்த வெப்சைட்டிலயும் பிரிட்டிஷ் கவுன்சிலின்ர சைட்டிலயும் மாதிரி ரெஸ்ட் இலவசமா இருக்கு, கேம்பிரிட்ஜ் வெளியிடுற வினாத்தாள் தொகுப்புகளும் நம்பிச் செய்யலாம். யூரியூப்பில ஆரோ தன்ர பாட்டுக்கு எழுதின "கெஸ் பேப்பர்" வேண்டாம், அதில விடையே பிழையா இருக்கும், நீங்கள் சரியாச் செய்து பிழை எண்டு நினைச்சுக் குழம்புவியள். ஓஎல், ஏஎல் ஜெனரல் இங்கிலிஷ் பிள்ளையளுக்குக் கல்வி அமைச்சின்ர இ-தக்சலாவ வெப்சைட்டில பாஸ் பேப்பர் இருக்கு.

கொம்பியூட்டரில ரெஸ்ட் எடுக்கிறதெண்டாத் திரையில ஒரு பக்கம் பந்தி, மற்றப் பக்கம் கேள்வி. போனில மட்டும் பழகிப்போட்டுப் போகாதைங்கோ, சின்னத் திரையில பந்தியையும் கேள்வியையும் மாறிமாறி உருட்டிற பழக்கம் அங்க உதவாது. லப்டொப் இரவல் வாங்கியாவது நாலஞ்சு முழு ரெஸ்ட் இருந்து செய்யுங்கோ, ஒரு மணித்தியாலம் எழும்பாமல், போனை மற்ற அறையில வைச்சிட்டு.

கடைசியா வவுனியாக் கதை. ரீடிங்குக்கு மட்டும் எண்டாப் போகவேண்டாம். முள்ளியவளையில இருந்து போய்வரப் பகல் முடிஞ்சிடும், அங்கயும் பேப்பரைக் குடுத்துச் செய்விச்சு விடையைச் சொல்லுவினம், அதை நீங்கள் வீட்டில கொப்பியோட இருந்து இன்னும் வடிவாச் செய்யலாம். ரைட்டிங்குக்கும் ஸ்பீக்கிங்குக்கும் ஒரு ஆள் பாத்துத் திருத்தவேணும், அது தனிய ஏலாது, அதுக்கு ஆளைத் தேடுங்கோ. முல்லைத்தீவிலயே இங்கிலிஷ் ரீச்சர்மார் இருக்கினம், ரிட்டயர் ஆன ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, கிழமைக்கு ரெண்டு கட்டுரை திருத்தித் தரச் சொன்னா மாட்டன் எண்டு சொல்லமாட்டினம்.